தோள் மாற்றும் இடம்

என் அப்பாவுக்குச் சாவதைப் பற்றிப் பெரிய பயம் இருந்ததில்லை. செத்த பிறகு தன்னைக் கைவண்டியில் போட்டு இழுத்துக்கொண்டு போய்விடுவார்களோ என்பதுதான் அவருடைய பயம். ஜப்பான்காரன் காலத்தில், மலாயாவில் லாபு பக்கத்தில் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் பிணங்கள் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தன. ஒரு காலத்தில் ரப்பர் பால் வாளிகள் ஏற்றிய வண்டி அது. வீட்டில் மிஞ்சியிருந்த ஒருவரோ இருவரோ இழுப்பார்கள், மற்றவர்கள் லயத்து வரிசை வீடுகளின் கதவைச் சாத்திக்கொள்வார்கள். சுற்றிய பாய் பற்றாமல் கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்த நாளில் அப்பா சாப்பிடமாட்டார். சாப்பிட இருந்ததும் மரவள்ளிக் கிழங்கு மட்டும்தான்.

வெள்ளைக்காரன் இருந்தபோது கதை வேறு. ஊரிலிருந்து எங்கள் கங்காணி கூட்டிவந்த ஆட்களுக்குள் ஒரு சங்கம் இருந்தது. தூக்குகிற சங்கம் என்று சொல்வோம். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் சங்கத்து ஆண்கள் அத்தனை பேரும் வந்துவிட வேண்டும். குழி வெட்டுவது, பாடை கட்டுவது, தூக்குவது எல்லாம் அவர்கள் பாடு. இடுகாடு தொலைவு என்பதால் பாதி வழியில், செம்மண் சாலையைக் கடக்கிற இடத்தில் பாடையை இறக்கி வைத்து ஆள் மாற்றுவார்கள். அப்போது தலைவர் "தோள் மாத்து!" என்று குரல் கொடுப்பார். அடுத்த நாலு பேர் "வந்துட்டேன்!" என்று சொல்லிக்கொண்டு ஓடிவந்து மூங்கிலுக்கு அடியில் தோளைக் கொடுக்க வேண்டும். புது ஆளைச் சேர்க்கும்போது தலைவர் அவன் தோளில் ஒரு துண்டைப் போட்டு, அதன்மேல் கையை வைத்து, இதைத்தான் சொல்ல வைப்பார். பழகிப்போனவனுக்கு அந்தக் குரல் கேட்டால் கால் தானாகவே கிளம்பிவிடும். அந்தத் தலைவர் என் அப்பா.

சங்கம் முறிந்ததும் ஒரு சாவில்தான். சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் ஆள் பிடிக்கிறான் என்று செய்தி வந்து, ஆண்கள் கூட்டமாக நிற்கவே பயந்த நேரம். அப்போது வேலையை மேற்பார்த்த பழைய மண்டோர் ஒருவர் போய்ச் சேர்ந்தார். என் கணவர் காய்ச்சலில் படுத்திருந்தார். "கூட்டம் வேணாம் மாமா, நாலு பேர் போதும்" என்று படுத்தபடியே சொன்னார். அப்பா வாசலை விட்டு நகரவில்லை.

"தலைவன் வூட்டு மாப்பிள்ளையே வரலேன்னா மத்தவன் எப்படி வருவான்? எழுந்து வாங்க மாப்பிள்ளை. வராதவன் சாவுக்கு யாரும் வரமாட்டோம், அதான் சட்டம்."

காய்ச்சலோடு அவரும் எழுந்து போனார். தப்பு அடித்து, முறைப்படி ஊர்வலம் போனார்கள். திரும்பி வரும் வழியில் ஆள் பிடிக்கிற லோரி காத்துக்கொண்டு நின்றது. வந்தவர்களை அப்படியே ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஏதோ சிலர் மரங்களுக்குள் ஓடித் தப்பினார்கள். அப்பாவை வயசானவர் என்று கீழே தள்ளிவிட்டார்கள். அவர் வந்து வாசலில் உட்கார்ந்தபோது, அவருக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். யாரும் வரவில்லை.

அன்றிலிருந்து அவருக்குக் கிழங்கு அவித்துப் போட்டேன், துணி துவைத்துப் போட்டேன், முகம் கொடுத்துப் பேசவில்லை. சாவுக்குப் போனால் லோரி வரும் என்பது தோட்டத்தில் எழுதாத சட்டமாகிவிட்டது. தப்பியவர்கள் பகலில் கிழங்குக் காட்டுக்குள் ஒதுங்கிக்கொண்டார்கள். கைவண்டி வந்தது.

பிறகு அப்பாவின் கால்கள் வீங்க ஆரம்பித்தன. விரலால் அமுக்கினால் குழி விழும், எழும்பி வர நேரமாகும். சிரம்பான் ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீக்கம் தொடைக்கு ஏறியபோது அவருக்கே தெரிந்துவிட்டது.

"நாலு தோள் சேத்துக் குடு புள்ள" என்றார். "கைவண்டியில மட்டும் போட்ராத."

"இருந்த தோளையெல்லாம் லோரியில ஏத்தி அனுப்பிட்டு இப்ப எங்க போயிச் சேக்குறது?"

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாள் நான் கிளம்பினேன். ஏன் போனாய் என்று கேட்டால் அப்பா ஆயிற்றே என்று சொல்லிவிடலாம். அந்தக் கைவண்டியை இழுப்பதற்கு நான் ஒருத்திதான் இருந்தேன் என்பதும் உண்மை.

பழைய சங்கத்து ஆட்களின் வீடுகள் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினேன். சில கதவுகள் திறக்கவே இல்லை. ஒரு வீட்டில் "அவரு இல்லியே" என்று மனைவி சொல்லிக்கொண்டிருக்கும்போதே கூரைக்கடியில் இருந்த அட்டத்திலிருந்து இருமல் வந்தது. அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். "ஒங்க வூட்டு அட்டத்துக்குச் சளி புடிச்சிருக்கு, கஷாயம் வச்சுக் குடு" என்று சொல்லிவிட்டு வந்தேன். சிரிக்கிற நிலைமையில் நானும் இல்லை, அவளும் இல்லை.

கடைசி லயத்தில் ஓர் அண்ணன் இருந்தார். சங்கத்தில் குழி வெட்ட அவரை விட்டால் ஆள் கிடையாது. அவருடைய தம்பியும் அந்த லோரியில் போனவன். வீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து கிழங்கு சீவிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அப்பாவுக்கு ரொம்ப முடியல."

"தெரியும்."

"காலம் வந்தா நீங்க வரணும்."

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "என் தம்பி எங்கேன்னு ஒங்கப்பா வந்து சொல்லட்டும், அப்புறம் வர்றேன். வராதவன் சாவுக்கு யாரும் வரமாட்டோம்னாருல்ல? சரி. என் சாவுக்கு யாரும் வரவேணாம். நான் இப்படியே கெடந்துக்குறேன்."

"என் வூட்டுக்காரரும் அதே லோரியிலதாண்ணே போனாரு."

"அப்ப நீ எப்படிம்மா அவருக்காக வந்து நிக்கிற?"

திரும்பி நடந்தேன். வெயில் உச்சிக்கு வந்திருந்தது. மிச்சம் இருந்தது கீழ் லயம்தான். அங்கே போக எனக்கு வெட்கமாக இருந்தது.

கீழ் லயத்தில் இருந்தவர்கள் வேறு தோட்டத்து ஆட்கள். அவர்கள் தோட்டம் மூடிப்போனதால், கிழங்கு நட ஆள் வேண்டும் என்று தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி கூட்டிவந்து காலி வீடுகளில் வைத்திருந்தார். அவர்களுடைய ஆண்களும் சயாமுக்குப் போனவர்கள்தான். வந்த புதிதில் அங்கே ஓர் அக்காவின் மாமியார் இறந்துபோனாள். அக்கா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று சங்கத்தைக் கேட்டாள். கூப்பிட்டால் வர ஆளில்லாத சங்கம் அது. "இது எங்க கங்காணி ஆளுங்களுக்கு மட்டும் உள்ளதும்மா" என்று அப்பா அதைக்கூட வீறாப்பாகத்தான் சொன்னார்.

அதே அக்காவிடம்தான் நான் போய் நின்றேன். அவள் தன் மாமனாரின் தலைமாட்டில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். கிழவருக்கு நெஞ்சு மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். கடைசிவரை கேட்டாள்.

"எங்க அத்தை செத்தப்ப ஒங்கப்பா சொன்னது நெனவு இருக்கா?"

"இருக்குக்கா."

"நானும் நாத்தனாரும் சாக்குல கட்டித் தூக்கிட்டுப் போனோம். சாக்கு கிழிஞ்சுருச்சு." மாமனார் முகத்தில் உட்கார்ந்த ஈயை விரட்டினாள். "மாமாவுக்கு இன்னிக்கோ நாளைக்கோன்னு இழுத்துக்கிட்டு இருக்கு. இவருக்கு ஒங்க சங்கம் வருமா? வந்தா ஒங்கப்பாவுக்கு நாங்க வர்றோம். அம்புட்டுத்தான் லா."

நியாயமான பேச்சு. வீட்டுக்கு வந்து அப்படியே அப்பாவிடம் ஒப்பித்தேன்.

"அவங்க வேற கங்காணி ஆளுங்க" என்றார். "அதுலயும் பொம்பளைங்க. பொம்பளைங்க இடுகாட்டுக்குப் போற வழக்கம் உண்டா?"

"கங்காணியே ஓடிப்போயி எத்தன நாளாச்சு. ஆம்பளைங்கதான் வேணும்னா சயாமுக்குச் சொல்லி அனுப்புங்க."

அப்பாவிடம் என் வாயிலிருந்து வந்த வார்த்தைகளில் அதுதான் மோசமானது. சொன்னதற்காக நான் வருத்தப்படவும் இல்லை.

மறுநாள் காலையில் கீழ் லயத்திலிருந்து ஒப்பாரி கேட்டது. அப்பா எழுந்து உட்கார்ந்தார். "என் துண்ட எடு" என்றார். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, ஒரு கையை என் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். வழியில் எத்தனை இடத்தில் நின்றோம் என்று நினைவில்லை. அந்த வீட்டு முன்னால் போய் நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, பழைய மிடுக்கோடு சொன்னார்: "இது எங்க சங்கத்துச் சாவும்மா. நாங்க தூக்குறோம்."

அக்கா அவரைப் பார்த்தாள். "நாங்கன்னா யாரு?"

அப்பா திரும்பிப் பார்த்தார். பின்னால் நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன்.

அவர் முகம் அப்போது போன போக்கை நான் மறக்கவில்லை. உள்ளுக்குள் எனக்கு ஒரு திருப்தி வந்தது, அதோடு நெஞ்சும் கனத்தது. அப்பா மெதுவாகத் துண்டை எடுத்தார். துணிக்குப் பஞ்சமான காலம் அது, சாக்கைத் தைத்துக் கட்டியவர்கள் உண்டு. அவரிடம் இருந்தது அந்த ஒரு துண்டுதான். அதைப் பல்லால் கடித்து நீளமாகக் கிழித்தார். அக்காவின் தோளில் ஒரு கிழிசலைப் போட்டு, கையை வைத்து, "கூப்பிட்டா?" என்று கேட்டார். சொல்ல வேண்டியதைச் சொல்லியும் கொடுத்தார்.

"வந்துட்டேன்" என்றாள்.

நாத்தனாருக்கும் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் அதேபோல் செய்தார். என் பக்கம் வந்தபோது நான் நகர்ந்துகொண்டேன். மூங்கில் வெட்டப் போகிறேன் என்று சாக்குச் சொன்னேன்.

தப்பு இல்லை, ஊர்வலம் இல்லை. முன்னால் அப்பாவும் நானும், பின்னால் நாத்தனாரும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் தூக்கினோம். குழியைப் போய்த்தான் வெட்ட வேண்டும் என்பதால் அக்கா மண்வெட்டியோடு பக்கத்தில் வந்தாள். ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கிற மாதம். தரை முழுக்கச் சருகு. எங்கள் கால் சத்தமே எங்களைக் காட்டிக்கொடுத்துவிடும்போல இருந்தது.

செம்மண் சாலைக்கு வந்து பாடையை இறக்கினோம். அப்பா குனிந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா சாலையோரச் சாக்கடையைத் தாண்டி மரத்தடிக்கு ஒதுங்கினாள். அப்போதுதான் லோரிச் சத்தம் கேட்டது. ஓடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பிணத்தைப் போட்டுவிட்டு எங்கே ஓடுவது?

இரண்டு சிப்பாய்கள் இறங்கினார்கள். கூடவே தொப்பி போட்ட ஒரு தமிழன், அவர்கள் பேச்சைத் தமிழில் மாற்றிச் சொல்கிறவன்.

"ஆம்பளைங்கல்லாம் எங்க?"

"நான் இருக்கேன்ல" என்றார் அப்பா.

சிப்பாய் ஒருவன் வந்து அப்பாவின் காலைக் கட்டைவிரலால் அமுக்கினான். குழி விழுந்தது. அவன் அது எழும்புகிறதா என்று பார்த்தான், சிரித்தான், விரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான். பிறகு பாயைக் காட்டி ஏதோ கத்தினான்.

"உள்ளார இருக்கறவன் உயிரோட இருக்கானான்னு கேக்குறாரு. இப்படி ஆள் கடத்துறாங்களாம்."

துப்பாக்கி முனைக் கத்தியால் பாயை விலக்கினார்கள். கிழவரின் வாய் திறந்திருந்தது. சிப்பாய் மூக்கைப் பொத்திக்கொண்டு, போங்கள் என்று கையை வீசினான். எனக்கு உயிர் வந்தது.

வந்த உயிர் நிற்கவில்லை. சிப்பாய்களுக்குப் பின்னால், ஒல்லியான ஒரு ரப்பர் மரத்தின் மறைவில், குழி வெட்டுகிற அந்த அண்ணன் நின்றுகொண்டிருந்தார். கையில் மண்வெட்டி. பெண்கள் பாடை தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டு, மனசு கேட்காமல் தொலைவிலேயே தொடர்ந்து வந்திருக்கிறார். மரம் அவருடைய பாதி உடம்பைத்தான் மறைத்தது. மூச்சுக்கூட விடாதே அண்ணே என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

அப்பா அவரைப் பார்க்கவில்லை. ஆபத்து விலகிவிட்ட நிம்மதியோ, எத்தனையோ வருஷத்துப் பழக்கமோ, அந்த இடம் செய்த வேலையோ தெரியாது. நிமிர்ந்து நின்று, தொண்டை கிழிய, "தோள் மாத்து!" என்று குரல் கொடுத்துவிட்டார்.

மரத்தின் பின்னால் சருகு நொறுங்கியது.

ஒரே ஓர் அடிதான். அண்ணனின் கால் அவரைக் கேட்காமல் முன்னால் வந்துவிட்டது. சிப்பாய் துப்பாக்கியோடு அந்தப் பக்கம் திரும்பினான். மறுபடியும் ஒருவரைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டாயே அப்பா என்றுதான் நினைத்தேன்.

"வந்துட்டேன்!"

அக்காதான். சாக்கடைக்கு அந்தப் பக்கம், அண்ணன் மறைந்திருந்த மரங்களை ஒட்டி நின்றிருந்தவள், மண்வெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டுச் சருகெல்லாம் நொறுங்க ஓடிவந்தாள். சிப்பாயின் பார்வை அவளோடேயே திரும்பியது. வந்த வேகத்தில் அப்பாவை ஒரு தள்ளு தள்ளிவிட்டு, குனிந்து மூங்கிலுக்குத் தோளைக் கொடுத்தாள்.

"என்ன கூச்சல்?" என்றான் தொப்பிக்காரன்.

"பெரியவருக்கு மூச்சு வாங்குது. ஆள் மாத்துறோம் லா. நீங்களும் வந்து ஒரு பக்கம் புடிங்களேன்."

அவன் சட்டென்று இரண்டடி பின்வாங்கினான். லோரி கிளம்பிப் போனது. சத்தம் தேயும்வரை நாங்கள் பாடையைத் தூக்கவில்லை.

இடுகாட்டுக்குப் போய்ச் சேர்ந்து கொஞ்ச நேரத்தில் அண்ணன் வந்தார். யாரையும் பார்க்காமல் குழி வெட்டினார். முடித்துவிட்டு மேலே ஏறியவரிடம் அப்பா, எங்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "அன்னிக்கு நான் ஒங்களையெல்லாம் கூப்புட்டிருக்கக் கூடாது தம்பி. தப்புப் பண்ணிட்டேன். இன்னிக்கும் பாரு, இந்த வாய் நிக்கல" என்றார்.

"ஆழம் போதுமான்னு பாருங்க" என்றார் அண்ணன். அவ்வளவுதான் பேச்சு.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. அண்ணனிடம் சொன்னதை அப்பா என்னிடம் சொன்னதே இல்லை. நான் அவர் வீட்டிலேயே, அவர் கண் முன்னாலேயே, தாலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள்.

அதன் பிறகு சங்கம் வேறு மாதிரி நடந்தது. ஆண்கள் ஒருவர் இருவராகப் போய்க் குழியை வெட்டிவிட்டு மறைந்துவிடுவார்கள். பெண்கள் தூக்குவார்கள். தோள் மாற்றும் இடத்தில் யாரும் வாய் திறக்கக் கூடாது, கையைத் தட்டினால் போதும் என்று அக்கா சொன்னாள். அப்பா மறுபேச்சுப் பேசவில்லை. அட்டத்தில் இருமிய மனிதர் இறங்கி வந்தார். பழைய ஆட்கள் வெட்கத்தோடு வந்து வாசலில் நிற்பார்கள். எந்தக் கங்காணி ஆள் என்று அப்பா யாரையும் கேட்கவில்லை. துண்டு தீர்ந்துபோன பிறகு வெறும் கையைத் தோளில் வைத்துச் சேர்த்தார். வீட்டில் ஆள் நடமாட்டம் கூடியது, அவர் உடம்பு ஊதிக்கொண்டே போனது.

ஒரு நாள் மத்தியானம் யாரும் இல்லாதபோது, "நீயும் வா புள்ள, ஒன்னையும் சேத்துக்குறேன்" என்றார்.

"எனக்கு வேணாம். அவரு எங்கேன்னு சொல்லுங்க, அப்புறம் சேருறேன்."

அப்பா அழுதார். சத்தம் இல்லாமல், மூச்சு முட்ட அழுதார். எதையோ சொல்ல வாயைத் திறந்தார். நான் கிழங்குக் கூடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன். அவர் சொல்ல வந்தது எதுவாக இருந்தாலும் அது எனக்குப் போதாது என்று தோன்றியது.

போர் முடிவதற்கு முன்பே அவர் போய்விட்டார். போர் முடிந்த பிறகு சயாமிலிருந்து திரும்பி வந்தவர்களில் என் கணவர் இல்லை, அந்த அண்ணனின் தம்பியும் இல்லை.

அப்பா செத்த அன்று நான் எந்த வாசலுக்கும் போகவில்லை. யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. விடியும்போதே குழி தயாராகிவிட்டது என்று செய்தி வந்தது. முற்றத்தில் பெண்கள் நிறைந்திருந்தார்கள். எங்கள் லயம், கீழ் லயம் என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி கலந்து நின்றார்கள். அவர் ஆசைப்பட்ட நாலு தோளுக்கு மேலேயே இருந்தன. என் தோள் தேவைப்படவில்லை.

"நீ பின்னால நடந்து வா புள்ள, நாங்க பாத்துக்குறோம்" என்றாள் அக்கா.

நான் முன்னால் போய், அவள் நாத்தனாரை நகரச் சொல்லிவிட்டுத் தலைப்பக்கத்து மூங்கிலைத் தோளில் வாங்கினேன். நீர் கோத்த உடம்பு, அத்தனை கனம். பாயிலிருந்து கசிந்த நீர் என் கழுத்து வழியாக இறங்கியது. காய்ச்சலில் கிடந்தவரை ஏன் எழுப்பினீர்கள், ஏன் எழுப்பினீர்கள் என்று வழியெல்லாம் மனசுக்குள் அவரோடு சண்டை போட்டுக்கொண்டே நடந்தேன். செம்மண் சாலை வந்தது. யாரோ கையைத் தட்டினார்கள், அக்கா என் பக்கம் வந்து தோளை நீட்டினாள். வேண்டாம் என்று தலையாட்டினேன். இடுகாடுவரை நான் மாறவில்லை. அவர் மேல் இருந்த கோபம் அன்று தீரவில்லை, இந்த வயதிலும் தீரவில்லை. ஆனாலும் அப்பாவை நான் கீழே வைக்கவில்லை.